கடல் விலகிய பின்னும் தீவாக நிற்கும் ஊர்: ஸ்கொக்லாண்ட் அருங்காட்சியகம்

நெதர்லாந்தின் ஸ்கொக்லாண்ட் ஒரு தீவு என்று கேள்விப்பட்டு அதைக் காணப் போகிறவர், சாலையின் இருபுறமும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் விளையும் வயல்களைத் தாண்டித்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். தட்டையாகக் கிடக்கும் நிலத்தின் நடுவே சற்றே எழும்பிய நீண்ட மேடு ஒன்றும், அதன்மேல் மரங்களும், மரங்களுக்கிடையே ஒரு சிறிய தேவாலயத்தின் கூரையும் தூரத்திலிருந்தே தெரிகின்றன. அந்த மேடுதான் தீவு. அதைச் சுற்றியிருந்த கடல் 1942-இல் வடிக்கப்பட்டுவிட்டது. அதற்கும் 83 ஆண்டுகள் முன்னதாகவே, 1859-இல், அங்கே குடியிருந்த சுமார் 650 பேரில் அநேகமாக எல்லோரும் அரசின் உத்தரவால் வெளியேற்றப்பட்டிருந்தனர். மக்களும் போய், கடலும் போன பிறகு மிஞ்சியிருக்கும் ஊரைத்தான் இந்த அருங்காட்சியகம் நமக்குக் காட்டுகிறது. இதை நான் இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை சரியாகப் பார்க்கவில்லை என்பது இரண்டாம் முறைதான் எனக்குப் புரிந்தது. இந்த மதிப்புரையை எழுதக் காரணமும் அதுவே.

முதல் முறை நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். காம்பென் நகரில் ஒரு கடையில் மிதிவண்டி வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சுமார் 15 கிலோமீட்டர் தூரம். வழியில் சங்கிலி மூன்று முறை கழன்றதில் நேரம் போய், வந்து சேர்ந்தபோது மூடுவதற்கு ஒரு மணி நேரமே மீதமிருந்தது. கண்ணாடிப் பெட்டிகளை வேகமாகப் பார்த்துவிட்டு, தேவாலயத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். சிறிய இடம், ஒரு மணி நேரம் போதும் என்று நண்பர்களிடமும் சொல்லிவைத்தேன். அந்தச் சொல்லை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு முழு நாள் இருந்தால்தான் இந்த இடம் தன்னைக் காட்டும்.

அருங்காட்சியகம் அமைந்திருக்கும் மேட்டுக்கு மிடல்பியூர்ட் என்று பெயர். நடுக்குடியிருப்பு என்று தமிழில் சொல்லலாம். கடைசிக் காலத்தில் ஸ்கொக்லாண்ட் மக்கள் மூன்று மண்மேடுகளில் ஒண்டி வாழ்ந்தார்கள்: வடக்கே எம்மெலோர்ட், நடுவே மிடல்பியூர்ட், தெற்கே ஸாய்டர்ட். வடக்கில் இருந்தவர்கள் கத்தோலிக்கர்கள். நடுவிலும் தெற்கிலும் இருந்தவர்கள் சீர்திருத்தத் திருச்சபையினர். நாலு கிலோமீட்டர் நீளமே இருந்த தீவு நெடுங்காலம் இரண்டு ஆட்சிகளின் கீழ் பிளவுபட்டுக் கிடந்தது. தென்பாதியான என்ஸ் ஓவரைசல் மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. வடபாதியான எம்மெலோர்டை, அருகிலிருந்த உர்க் தீவோடு சேர்த்து, ஆம்ஸ்டர்டாம் நகரம் 1660-இல் விலைக்கு வாங்கியது. அந்த மண்ணில் விளைவதற்கென்று பெரிதாக எதுவும் இருந்துவிடவில்லை. ஸாய்டர்ஸே என்ற அந்த உள்கடலின் வழியேதான் நகரத்தின் வணிகக் கப்பல்கள் போய்வந்தன. அவற்றுக்கு வழிகாட்ட இரவில் தீ எரிய வேண்டியிருந்தது. ஒரு பெருநகரத்தின் செல்வம் இந்த ஏழைத் தீவின் விளக்கை நம்பியிருந்தது என்ற இந்தச் சின்னச் செய்தி, ஊரின் மொத்த வரலாற்றையும் எனக்குத் திறந்துவிட்டது. தீவில் வாழ்ந்தவர்கள் எத்தனை வறுமையில் இருந்தாலும், தீவு கரைந்துபோகாமல் இருக்க வேண்டியது மற்றவர்களுக்கு அவசியமாக இருந்தது.

காட்சிக்கூடத்தில் முதலில் வருவது மனிதர்களுக்கு முந்தைய காலம். நிலத்தை உழுதபோதும் வாய்க்கால் வெட்டியபோதும் கிடைத்த மாமத யானையின் எலும்புகளும் பற்களும், பனியுகம் சுமந்து வந்து போட்ட பாறைகளும் அங்கே உள்ளன. பிறகு கற்காலக் கருவிகளும் மட்பாண்டத் துண்டுகளும். கடல் வடிந்த பிறகு இங்கே வயல்களுக்கு எழுத்தும் எண்ணுமாகப் பெயரிட்டார்கள். அவற்றுள் பி14 என்ற வயலில், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் வாழ்ந்த தடயங்களைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்தனர். கடலடி என்று எல்லோரும் எண்ணியிருந்த நிலம், அதற்கு முன் மனிதர் நடமாடிய நிலமாக இருந்திருக்கிறது. அது சதுப்பாகி, சதுப்பு கரிச்சேறாகி (மக்கிய செடிகொடிகள் படிந்து உண்டாகும் மண்), கரிச்சேற்றைக் கடல் அரித்துத் தின்று, இடைக்காலத்தின் முடிவில் ஒரு துண்டு மட்டும் தீவாக மிஞ்சியது. கண்காட்சியின் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். இங்கே கால் மணி நேரமாவது நிற்பது நல்லது. பின்னால் வரும் மனிதக் கதையில் தீவு ஏன் ஆண்டுக்காண்டு சுருங்கிக்கொண்டே போனது என்பதற்கு விடை, இந்தக் கரிச்சேறு என்ற மென்மையான மண்ணில்தான் இருக்கிறது. அதன்மேல் எவ்வளவு களிமண் கொட்டி மேடு எழுப்பினாலும், அந்தப் பாரமே மேட்டைக் கீழே அமுக்கிவிடும்.

வெளியே வந்து மேட்டின் ஓரத்தில் நின்றால், தடித்த மரத்தூண்களை நெருக்கமாக அடித்து எழுப்பிய அரணைப் பார்க்கலாம். இதுதான் அலையைத் தடுத்த சுவர். 1730-களில் கப்பல் புழு என்ற மரந்துளைக்கும் உயிரி நெதர்லாந்தின் கடற்கரை முழுவதும் இத்தகைய மரத்தூண்களைச் சல்லடையாக்கியது. இன்று நிற்கும் அரணுக்கு அப்பால் தண்ணீர் இல்லை, புல்தான். ஆனாலும் ஒரு தூணின் மேல் கையை வைத்துக்கொண்டு, காற்று முகத்தில் அறையும்போது வெறும் வயலைப் பார்த்து நின்றால், இந்த மேட்டில் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே எத்தனை அடி தூரம் இருந்தது என்பது உடம்புக்கே விளங்குகிறது. சொற்ப அடிகள்தான்.

1825 பிப்ரவரியில் வந்த புயல்வெள்ளத்தில் ஸாய்டர்ஸேயின் கரைகள் பலவும் உடைந்தன. ஸ்கொக்லாண்டில் மட்டும் 13 பேர் இறந்தனர்; வீடுகள் பல அடித்துச் செல்லப்பட்டன. இப்போது நாம் பார்க்கும் மிடல்பியூர்ட் தேவாலயம் அதற்குப் பிறகு, 1834-இல் கட்டப்பட்டது. செங்கல்லாலான, அலங்காரம் குறைந்த, எளிய கட்டடம். உள்ளே போனதும் என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் அளவு. கட்டி முடித்து 25 ஆண்டுகளில் அதில் வழிபட வேண்டிய சபையே தீவில் இல்லாமல் போய்விட்டது. ஒரு தலைமுறை முழுதாக ஞானஸ்நானம் பெற்று வளர்ந்து, அதே இடத்தில் மணம் முடிக்கும் அளவுக்குத்தான் அந்தத் தேவாலயத்துக்குக் காலம் கிடைத்தது.

இங்கே வாழ்ந்தவர்களின் அன்றாடம் எப்படி இருந்தது என்பதை அறிய விரும்புகிறவர்கள், மூன்று மேடுகளையும் இணைத்த பாதையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தீவின் நிலம் பெரும்பாலான மாதங்களில் சேறாகவும் நீராகவும் இருந்ததால், குடியிருப்புகளுக்கிடையே மரப்பலகைகளைப் போட்டு ஒற்றையடிப் பாதை அமைத்திருந்தார்கள். ஒருவர் மட்டுமே நடக்கக்கூடிய அகலம். எதிரெதிரே இருவர் வந்துவிட்டால், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அப்படியே அரைச் சுற்றுச் சுற்றி இடம் மாறிக்கொள்வார்கள் என்று சொல்லப்படுகிறது. வடக்கிலிருந்து வரும் கத்தோலிக்க மீனவரும் தெற்கிலிருந்து வரும் சீர்திருத்தச் சபைப் பெண்ணும், வேறு வேறு தேவாலயங்களுக்குப் போகிறவர்கள், பலகையின் நடுவில் தண்ணீரில் விழாமலிருக்க ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு சுற்றிக் கடந்து போகும் காட்சியை நான் பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஊர் வாழ்வு என்று நாம் சொல்வதன் முழுப் பொருளும் அந்த அரைச் சுற்றில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பிழைப்புக்கு மீன்பிடிப்பு ஒன்றுதான் கடைசியில் மிஞ்சியது. மேய்ச்சல் நிலத்தைக் கடல் கொண்டுபோன பிறகு மாடு வளர்க்க இடமில்லை. வறுமையைப் போக்க அரசு பருத்தித் துணி நெய்யும் வேலையைத் தீவுக்குக் கொண்டுவந்தது, அதுவும் நிலைக்கவில்லை. கரை காக்கும் செலவோ ஏறிக்கொண்டே போனது. கடைசியில், இத்தனை பேரை இந்த இடத்தில் வைத்துக் காப்பாற்ற முடியாது என்று அரசு முடிவு செய்தது. மூன்றாம் வில்லெம் அரசரின் ஆட்சியில், 1859-இல் ஸ்கொக்லாண்ட் என்ற ஊராட்சியே கலைக்கப்பட்டு, நிலம் காம்பெனோடு சேர்க்கப்பட்டது. கிலோ என்பவர் கடைசி மேயராக இருந்து ஊரைக் காலி செய்துவைத்தார். இழப்பீடு கொடுத்தார்கள். வீடுகள் பிரிக்கப்பட்டன. எம்மெலோர்டில் 1842-இல்தான் கட்டியிருந்த கத்தோலிக்கத் தேவாலயத்தையும் பிரித்து, ஒம்மன் என்ற ஊருக்குக் கொண்டுபோய் எழுப்பினார்கள். துறைமுகத்தையும் விளக்கையும் பார்த்துக்கொள்ள ஒரு சில குடும்பங்கள் மட்டும் தங்கின.

போனவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கான விடையை இந்த அருங்காட்சியகத்தின் மிக நெகிழ்வான செய்தியாக நான் கருதுகிறேன். பெரும்பாலோர் கூட்டமாகவே போனார்கள். காம்பெனின் விளிம்பிலிருந்த புருன்னெப் பகுதியில் பல குடும்பங்கள் குடியேறின. கத்தோலிக்கரில் ஒரு பகுதியினர் தம் சமயத்தாரே வாழ்ந்த வோலெண்டாமுக்குப் போனார்கள். உர்க்குக்கும் வொல்லென்ஹோவெக்கும் போனவர்களும் உண்டு. எல்லாமே அதே கடலின் கரைகள். எல்லாமே மீன்பிடி ஊர்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று ஒரு சங்கம் வைத்து, குடும்ப வரலாறுகளைத் தொகுத்து, 'ஸ்கொக்கர் எர்ஃப்' என்ற இதழையும் நடத்துகிறார்கள். அந்தப் பெயரின் பொருள் ஏறத்தாழ 'ஸ்கொக்லாண்டாரின் வீட்டுமனை' என்பது. வீடும் மனையும் இல்லாமல் போய் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட ஒரு கூட்டம், தன் இதழுக்கு மனை என்று பெயர் வைத்திருக்கிறது. அன்று வெளியேற்றப்பட்ட ஒருவர்கூட உயிரோடில்லாத காலத்திலும் தம்மை ஸ்கொக்கர் என்று சொல்லிக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை அறிந்த பிறகு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருள்களை நான் பார்த்த விதமே மாறிவிட்டது. அவை அழிந்துபோன இனத்தின் எச்சங்களாகத் தோன்றவில்லை. யாரோ ஒருவருடைய பாட்டியின் பாட்டி வைத்திருந்த சாமான்களாகத் தோன்றின.

இதற்குப் பிறகுதான் நடக்கத் தொடங்க வேண்டும். தீவைச் சுற்றி வர ஏறத்தாழ 10 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. பழைய கரையோரத்தை ஒட்டியே பெரும்பகுதி போவதால், நடப்பவர் தம் கால்களாலேயே தீவின் வடிவத்தை வரைந்துவிடலாம். தென்முனையில் இடைக்காலத் தேவாலயம் ஒன்றின் அடித்தளம் புல்லுக்கிடையே தெரிகிறது. கப்பல்களுக்கு வழிகாட்டிய தீ எரிந்த இடமும் அங்கேதான். வடமுனையான எம்மெலோர்டுக்கு நான் மாலையில் போய்ச் சேர்ந்தேன். அங்கே பழைய துறைமுகத்தின் வடிவத்தை மீட்டு வைத்திருக்கிறார்கள். படகுகள் ஒதுங்கிய குழிவு அப்படியே இருக்கிறது. ஓரங்களில் மரக்கட்டுமானம் இருக்கிறது. அடியில் புல் முளைத்திருக்கிறது. படகு கட்டும் துறையின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால், காலுக்குக் கீழே அலை இருக்க வேண்டிய இடத்தில் புல் அசைகிறது. பனிமூட்டத்தில் ஊதுகொம்பு ஒலிக்கவைத்த சின்ன வீடும், மறுபடி கட்டிய விளக்குக் கோபுரமும் அருகிலேயே இருக்கின்றன. இந்தத் துறைமுகத்தைப் பார்க்காமல் திரும்புகிறவர் ஸ்கொக்லாண்டில் பாதியைத்தான் பார்த்தார் என்று தயங்காமல் சொல்வேன்.

கடல் போன விதத்தையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால் அந்த உட்காரல் இன்னும் கனக்கிறது. 1916 சனவரியில் ஸாய்டர்ஸேயின் கரைகளை மறுபடி ஒரு பெருவெள்ளம் தாக்கியது. பொறியாளர் கார்னெலிஸ் லெலி பல ஆண்டுகளாக முன்வைத்து வந்த திட்டம் அதற்குப் பிறகு 1918-இல் சட்டமானது. 1932 மே 28 அன்று அஃப்ஸ்லாய்ட்டைக் என்ற 32 கிலோமீட்டர் நீள அணை கடலை அடைத்தது. உப்புக்கடல் நன்னீர் ஏரியாயிற்று. பிறகு அந்த ஏரிக்குள்ளேயே கரை கட்டித் தண்ணீரை இறைத்து வெளியேற்ற, 1942 செப்டம்பரில் நோர்டோஸ்ட்போல்டர் என்ற புதிய நிலம் உலர்ந்து வெளிப்பட்டது. ஸ்கொக்லாண்டைக் காப்பாற்ற முடியாது என்று அரசு கைவிட்டபோது பிறந்த ஒரு குழந்தை 83 வயதுவரை வாழ்ந்திருந்தால், அந்தத் தீவுக்கு நடந்தே போயிருக்க முடியும்.

புதிய நிலத்தின் நடுவில் எழுப்பிய நகரத்துக்கு எம்மெலோர்ட் என்றும், அதைச் சுற்றி மிதிவண்டித் தூரத்தில் வட்டமாக அமைத்த பத்து கிராமங்களுள் ஒன்றுக்கு என்ஸ் என்றும் பெயர் வைத்தார்கள். இரண்டும் தீவின் பெயர்கள். இந்தக் கிராமங்களுக்கு வந்த விவசாயிகளை அரசே விண்ணப்பம் வாங்கி, விசாரித்து, தேர்ந்தெடுத்துக் குடியேற்றியது. ஒரு ஊரைக் கலைப்பதும் இன்னொரு ஊரைத் திட்டமிட்டுச் சேர்ப்பதும் ஒரே நாட்டில், சில கிலோமீட்டர் இடைவெளியில் நடந்திருக்கின்றன. நேரம் இருப்பவர்கள் நாகெல் என்ற இன்னொரு புதுக் கிராமத்தையும் பார்த்துவிட்டு வரலாம். கூரைகளெல்லாம் தட்டையாக, நவீனக் கட்டடக்கலைஞர்கள் ஒன்றுகூடி வரைந்த கிராமம் அது. ஸ்கொக்லாண்டின் நெருக்கியடித்த மேட்டிலிருந்து நேராக அங்கே போனால் வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

யுனெஸ்கோ 1995-இல் ஸ்கொக்லாண்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நெதர்லாந்தில் அந்தப் பட்டியலில் முதலில் இடம்பெற்றது இதுதான். கடல் வடிந்தபின் சுற்றிலும் நிலத்தடி நீர் இறங்க, தீவின் கரிச்சேறு காய்ந்து சுருங்கத் தொடங்கியது. அதனால் மேடு அமிழ்கிறது; மண்ணுக்குள் ஈரத்தில் பத்திரமாக இருந்த மரமும் எலும்பும் காற்றுப்பட்டு அழுகுகின்றன. அதைத் தடுக்கத் தீவை ஒட்டிய நிலத்தில் நீர்மட்டத்தை வேண்டுமென்றே உயர்த்தி ஈரநிலமாக வைத்திருக்கிறார்கள். தண்ணீரால் அழிந்த தீவைக் காப்பாற்ற இப்போது தண்ணீரையே காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். நடைபாதையில் போகும்போது ஈரப் புல்வெளியில் பறவைகள் கூடுவதைப் பார்த்தால், அது அழகுக்காக விட்டுவைத்த இடமாகத் தோன்றும். ஊரின் எலும்புகளை அழியாமல் காப்பதற்கான ஏற்பாடு அது.

யாருக்கு இது பிடிக்காது என்பதையும் சொல்வது நியாயம். பழைய வீடுகள் வரிசையாக நிற்கும், மரபு உடையணிந்தவர்கள் உலாவும் கிராமத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். அப்படிப்பட்டவை வேண்டுமென்றால் எங்க்ஹாய்சனில் உள்ள ஸாய்டர்ஸே அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அந்தக் கடலோர ஊர்களின் வீடுகளைக் கொண்டுவந்து தெருத்தெருவாக நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்கொக்லாண்டில் பெரும்பாலும் இல்லாமையைத்தான் பார்க்கிறோம். நிழல் குறைவு, காற்று அதிகம். நடக்க இயலாதவர்கள் மிடல்பியூர்ட் மேட்டோடு நிறுத்திக்கொள்ள நேரிடும். சிறு பிள்ளைகளுக்கு மாமத யானை எலும்புகள் பிடிக்கும். 10 கிலோமீட்டர் நடை பிடிக்காது.

ரயில் இங்கே வருவதில்லை. காம்பென்வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்தில் என்ஸுக்கு வந்து, மீதி மூன்று நான்கு கிலோமீட்டரை நடந்து கடப்பது எனக்கு ஒத்துவந்தது. மிதிவண்டியில் வருகிறவர்கள் கிளம்பும் முன் கடை வாசலிலேயே இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். வழியில் ராம்ஸ்போல் பாலத்தருகே சற்று நில்லுங்கள். புயல் வரும்போது காற்றும் நீரும் நிரப்பி எழுப்பும் மூன்று பெரிய ரப்பர்ப் பைகளாலான தடுப்பணை 2002 முதல் அங்கே இருக்கிறது; சாதாரண நாட்களில் நீரடியில் படுத்துக் கிடக்கும். சாப்பாட்டையும் தண்ணீரையும் கையோடு கொண்டுபோவது நல்லது. அருங்காட்சியகத்தைத் தாண்டிவிட்டால் தீவு முழுவதும் கடை கிடையாது.

காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். காட்சிக்கூடம், தேவாலயம், மர அரண் என்று மதியம்வரை மிடல்பியூர்டிலேயே இருந்துவிட்டு, தெற்கே போய்த் திரும்பி, வெயில் தாழும் நேரத்தில் எம்மெலோர்ட் துறைமுகத்துக்குப் போய்ச் சேரும்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தாழ்வான வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால், வயலுக்கும் தீவுக்கும் இடையே உள்ள உயர வித்தியாசம் நிழலாகக் கோடு போட்டுத் தெரியும். நான் போன அன்று மேற்கே, உர்க் பக்கத்தில், காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. பழைய கரைக்கோட்டுக்கு அப்பால் ஒரு விவசாயி உழுவண்டியை ஓட்டிக்கொண்டு, கப்பல்கள் போன வழியில், வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.